தபால் பெட்டி ஓரத்துப் பூசணி

ஹாலோவீன் அன்று சாயங்காலம் ஊரே மிட்டாய்க் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துவரும் நேரத்தில், ஆர்லீன் டீக்மன் ஒட்டுநாடாவும் கையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றாள். சட்டம் சொன்ன வாசகத்தை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியாக வேண்டும். 'இந்த வீட்டில் மிட்டாய் கிடையாது.' தம்பி ராய்ஸ் சிறையிலிருந்து வந்து அவளோடு தங்கத் தொடங்கியபின் இது நாலாவது அட்டை. முதல் வருடம் அழுதுகொண்டே ஒட்டினாள். இந்த வருடம் அட்டை நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் கவனமெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் ட்ரூடி ஹம்மல் ஏணியில் ஏறி நின்று, கூரை உயரத்துக்கு நின்ற ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷத்தைவிடப் பெருசு," என்றாள் ஆர்லீன், கதவைப் பார்த்து.

"எது?" என்று உள்ளேயிருந்து ராய்ஸ் கேட்டான்.

"அவ தலைக்கனம்."

ஹார்லன் ஃபெரி மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். அந்த வட்டாரத்தில் ஹாலோவீன் மிட்டாய் சும்மா கிடைக்காது. வேஷம் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிற பிள்ளை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கிண்ணம் நீளும். ஜோக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பெரியவர்கள் ஒரு புன்னகை செய்து ஒரு மிட்டாயைப் பைக்குள் போடுவார்கள். ஆர்லீன் மட்டும் அப்படியில்லை. அவள் நிஜமாகவே சிரிப்பாள். முதலில் தோள் குலுங்கும், பிறகு கண்ணில் நீர் வரும், பிறகு உள்ளங்கையால் வாசற்காலை நாலு தட்டு தட்டுவாள். தெருமுனை வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் மற்ற வீடுகளில் ஒத்திகை பார்த்துவிட்டு, நன்றாக எடுபட்ட ஜோக்கை ஆர்லீன் வாசலுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். வீட்டில் செய்த பண்டத்தை வெளிப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் அவள் சர்க்கரைப்பாகில் உருட்டிய மக்காச்சோளப் பொரி உருண்டையை எந்தத் தாயும் வேண்டாம் என்றதில்லை. "ஆர்லீன் குடுத்ததா? சரி, தின்னு."

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வெர்ன் ஒரு சரக்கு லாரியோடு அரிசோனாவுக்குப் போனவன், லாரியை மட்டும் திருப்பி அனுப்பினான். அன்றிலிருந்து சந்தைத் தெரு மளிகைக்கடையில் பன்றிக்கறி அறுக்கும் மேடையில் நிற்கிறாள். வெள்ளைத் தொப்பி, கையுறை, காலையிலிருந்து மாலைவரை அந்த வட்டக் கத்தியின் ரீங்காரம். வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் அவள் ஆர்லீன் டீக்மன், காகிதத்தில் கறியைச் சுற்றிக் கொடுப்பவள். ஒரு நாள் மட்டும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளுடையவை. அந்த ஒரு நாளைத்தான் ராய்ஸ் கொண்டுபோனான்.

ராய்ஸ் செய்தது சின்னத் தப்பு அல்ல. பக்கத்து ஊரில் அவன் வேலை பார்த்த பண்ணைவீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தைக்குத் தீங்கு செய்தான். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். தண்டனை முடிந்தது, ஆனால் பாலியல் குற்றவாளிகளின் பதிவில் அவன் பெயர் சாகும்வரை இருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் எட்டாத வீடு வேண்டும் என்றார்கள். ஊரில் அப்படி அகப்பட்டது ஆர்லீனுடையதுதான். ஹாலோவீன் அன்று பொழுது சாய்ந்ததும் அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளிவிளக்கு எரியக்கூடாது, அலங்காரம் கூடாது, அந்த முகவரியில் எந்தக் குழந்தைக்கும் மிட்டாய் கொடுக்கக்கூடாது. மீறினால் அவன் திரும்பவும் உள்ளே போவான்.

சட்டம் அநியாயம் என்று ஆர்லீன் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குழந்தையின் தாய் ஒருமுறை கடைக்கு வந்தாள். மேடைக்குப் பின்னால் நிற்பது யாரென்று பார்த்ததும், எடுத்த டோக்கனை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். அன்று ஆர்லீன் அறுத்த கறியெல்லாம் கோணலாக வந்தது. அந்தத் தாய் மேல் அவளுக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? சட்டத்தோடும் சண்டை இல்லை. அவளுடைய சண்டையெல்லாம் ட்ரூடியோடு.

ட்ரூடி எதிர்வீட்டில் குடியிருக்கத் தொடங்கியதிலிருந்து யாருக்கும் தெரியாத ஹாலோவீன்காரி. கடை மிட்டாய் மூன்று பொட்டலம் வாங்குவாள், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். ராய்ஸ் வந்த முதல் வருடம் ஆர்லீன் வீட்டு ஜன்னலில் யாரோ முட்டை வீசினார்கள். அதற்கடுத்த வருடமே ட்ரூடி வாசலில் ஒரு எலும்புக்கூடு முளைத்தது, புகை கக்கும் இயந்திரம் வந்தது. சரி, காசு இருக்கிறது, வாங்குகிறாள். பிறகு பொரி உருண்டை வந்தது. ஆர்லீனே ஒரு கிறிஸ்துமஸுக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவம், பாகில் ஒரு சிட்டிகை உப்பு உட்பட. அதையும் பொறுத்துக்கொண்டாள். போன வருடம் திரைச்சீலை இடுக்கு வழியாக அவள் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு பிள்ளை ஜோக் சொன்னது. ட்ரூடி தோளைக் குலுக்கினாள். பிறகு வாசற்காலில் தட்டினாள், நாலு தட்டு.

தன் குளிர்பெட்டியில் வைத்திருந்ததை யாரோ எடுத்துச் சூடுபண்ணித் தின்பதைப் பார்ப்பதுபோல இருந்தது ஆர்லீனுக்கு. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள்.

"அவ வருஷா வருஷம் உன்னைக் கூப்பிடறாளே, வந்து கூட உக்காருன்னு," என்றான் ராய்ஸ் மறுநாள்.

"எதுக்கு? அவளுக்கு எடுபிடி நிக்கவா? எனக்குக் கால் வலி."

இந்த வசந்தத்தில் அவள் கொல்லையில் ஒரு பூசணிக்கொடி வைத்தாள். வந்த பிஞ்சுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப்போட்டாள். ராய்ஸ் தினமும் தண்ணீர் ஊற்றினான், எதற்கு என்று கேட்கவில்லை. இலையுதிர்காலம் வந்தபோது அது ஒருவர் தனியாகத் தூக்கத் திணறும் அளவுக்கு உருண்டு கிடந்தது. அதில் சூப் வைப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். அட்டையை ஒட்டிவிட்டு உள்ளே வந்தவள், மேசைமேல் செய்தித்தாளை விரித்துப் பூசணியை உருட்டிவைத்துக் கத்தியை எடுத்தபோதுதான் அவனுக்கு விளங்கியது.

"அக்கா, என்ன பண்ற?"

"கண்ணு வெட்டறேன்."

"நம்ம வீட்டு வாசல்ல வைக்கக் கூடாதுக்கா. உள்ள மெழுகுவத்தி வச்சா அது விளக்கு. விளக்கு எரிஞ்சா பிள்ளைங்க வரும்."

"வாசல்ல யாரு வைக்கப்போறா? தபால் பெட்டிகிட்ட வைக்கப்போறேன்."

தபால் பெட்டி, அங்கே எல்லா வீட்டுக்கும் போல, புல்வெளி தாண்டித் தெரு ஓரத்தில் ஒரு கம்பத்தில் நின்றது. வளைந்த தகரக் கூரை, பக்கத்தில் ஒரு சிவப்புத் தகரக் கொடி. கொடியைத் தூக்கிவிட்டால் உள்ளே கடிதம் இருக்கிறது, எடுத்துப்போ என்று தபால்காரனுக்கு அர்த்தம்.

"பெட்டி கவர்மென்டோடது," என்றாள் ஆர்லீன், பூசணியின் குடலை வழித்துப்போட்டபடி. "அதுல தபால்காரனைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அப்ப அது என் வீடு இல்லைதானே? கதவுல அட்டை இருக்கு. விளக்கு அணைச்சாச்சு. நீ உள்ள இருக்க. நான் கவர்மென்ட் பெட்டி ஓரத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காரப்போறேன். எந்தச் சட்டத்துல கூடாதுன்னு இருக்கு?"

"என்னைக் கண்காணிக்கிற அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவான்."

ராய்ஸ் சிதறிய விதைகளை ஓரமாக ஒதுக்கினான். "மாட்டிக்கிட்டா என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

"உனக்காக நாலு வருஷம் இருட்டுல உக்காந்தேன்டா," என்றாள். கத்தி பூசணியின் பல்லில் நின்றது. "சின்னதுல என்ன ஆச்சு? உனக்கு அம்மா நல்ல திரைச்சீலையைக் கிழிச்சுக் கடல்கொள்ளைக்காரன் சட்டை தைச்சா. எனக்குப் பழைய போர்வையில ரெண்டு ஓட்டை. பேயாம். ஒவ்வொரு வருஷமும் பேய். நான் ஏதாவது சொன்னேனா?"

"இப்ப சொல்றியே."

"ஆமா. இப்பத்தான் சொல்றேன்."

இருட்டியதும் அவள் பூசணியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். மடக்கு நாற்காலி, கூடை நிறையக் காகிதம் சுற்றிய பொரி உருண்டை. வண்டியிலிருந்து இறக்காமலே மெழுகுவத்தியைப் பற்றவைத்தபோது, பூசணியின் சிரிப்பு புல்மேல் மஞ்சளாக விழுந்தது. தெருவெல்லாம் உலர்ந்த இலைகளும் சின்னச் செருப்புச் சத்தமும். எதிர்ப்புறம் ட்ரூடி வாசலில் ஒரு பட்டாளமே நின்றது. அவர்கள் முழங்கால்வரை புகை.

முதலில் வந்தது ஒரு சலவை இயந்திரம். அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதில் பழைய காலுறைகளைத் தொங்கவிட்டிருந்த ஒரு சிறுமி. தெருவுக்குப் புதிது போலிருந்தது. ட்ரூடி வரிசையின் நீளம் பார்த்துச் சலித்து இந்தப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"இங்கயும் குடுப்பீங்களா?"

"ஜோக் இருந்தா குடுப்பேன்."

சிறுமி காலுறைகளைச் சரிசெய்துகொண்டாள். "எலும்புக்கூடு விருந்துக்குப் போச்சு. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கல. ஏன்?"

"ஏன்?"

"தின்னது எல்லாம் கீழ விழுந்துருச்சு!"

அது அப்படியொன்றும் பெரிய ஜோக் இல்லை. ஆனால் நாலு வருடச் சிரிப்பு உள்ளே அடைந்து கிடந்தது. ஆர்லீனின் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. கை வாசற்காலைத் தேடியது. அது இல்லாததால் தபால் பெட்டியைத் தட்டியது. வெறும் தகரம், கோயில்மணி மாதிரி அதிர்ந்தது. நாலாவது தட்டில் சிவப்புக்கொடி தானாகத் துள்ளி எழுந்து நின்றது.

சலவை இயந்திரம் துள்ளிக் குதித்தது. "இன்னொரு தடவை பண்ணுங்க!"

ட்ரூடி வரிசையில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெரிய பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. "அது ஆர்லீன்டா!" வரிசையின் வால் முதலில் அறுந்தது, பிறகு நடு. சிறகுகள், தொப்பிகள், ஒரு டைனோசர் எல்லாம் தெருவைக் கடந்தன. "பேயை ஏன் அவங்கம்மா அடிக்கிறதே இல்ல? கை அந்தப்பக்கம் போயிருது!" தட்டு, தகரம், கொடி. கொடியை இறக்கிவிடுவதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டை. ஆர்லீன் ஒவ்வொரு சிரிப்பின் முடிவிலும் எதிர்வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அங்கே எலும்புக்கூட்டின் கீழே ட்ரூடி மட்டும் தனியாக நின்றாள். புகை இயந்திரம் யாருமில்லாத படிக்கட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி ஆர்லீனுக்கு எந்த உருண்டையைவிடவும் இனித்தது. ட்ரூடி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனதையும் பார்த்தாள். போகட்டும், அழட்டும்.

டைனோசரின் அப்பா ஓர் இளைஞர். பிள்ளை உருண்டையை வாங்கிக்கொண்டதும் அவர் இருட்டு வீட்டைப் பார்த்தார், பிறகு கைப்பேசி வெளிச்சத்தைக் கதவுப்பக்கம் அடித்தார். அட்டை வெள்ளையாகத் தெரிந்தது.

"இது அந்த வீடுதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆர்லீன் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா." பிள்ளையின் கையிலிருந்து உருண்டையை எடுத்துக் கூடையில், மற்றவற்றின்மேல் உடையாமல் வைத்தார். டைனோசர் அழத்தொடங்கியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தாய், பிறகு இன்னொரு தாய். யாரும் சத்தம் போடவில்லை. கையைப் பிடித்து இழுத்த பிள்ளைகளின் பைகள் புல்லில் உரசும் ஒலி மட்டும்.

ஷெரிஃப் ஆபீஸின் போலீஸ் ஜீப் சைரன் இல்லாமல் வந்து நின்றது. இறங்கியவன் வெஸ்லி, ட்ரூடியின் அண்ணன் மகன். சின்ன வயதில் வருடா வருடம் ஷெரிஃப் வேஷம் போட்டுக்கொண்டு ஆர்லீன் வாசலுக்கு வந்தவன். அன்று மார்பில் குத்திய போலீஸ் நட்சத்திரம் அட்டையில் செய்தது.

"மிஸ் ஆர்லீன்," என்றான், தொப்பியைத் தொட்டு. "ராய்ஸ் எங்க?"

"உள்ள. போய் ஜன்னல்ல பாரு."

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பூசணிமுன் குந்தி உட்கார்ந்தான். அதன் வெளிச்சத்தில் அவன் முகம் பழைய வெஸ்லி மாதிரியே இருந்தது. "யாரு வச்சது?"

"நான்தான். பெட்டி கவர்மென்டோடது, வெஸ்லி. இது என் வீடு இல்ல."

"பெட்டி கவர்மென்டோடதுன்னே வச்சுக்குவோம். அது நிக்கிற மண்ணு?"

ஆர்லீன் குனிந்து மண்ணைப் பார்த்தாள். கம்பத்தை வெர்ன் குழிதோண்டி நட்டது ஞாபகம் வந்தது. அவளுடைய புல்லில், அவளுடைய மண்ணில்.

"மண்ணு உங்களோடது," என்றான் வெஸ்லி. "விளக்கு எரியுது. தின்பண்டம் குடுத்திருக்கீங்க. யாரு குடுத்தாங்கன்னு சட்டம் கேக்காது, எந்த விலாசத்துலன்னுதான் கேக்கும். நான் எழுதினா நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போவாங்க. உங்களை இல்ல, அவரை."

அப்போது அவள் மனதுக்குள் ஒன்று நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கூட்டிக்கொண்டு போகட்டுமே என்று ஒரு குரல் கேட்டது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவள் மனக்கண்ணில் முன்வாசல் விளக்கு எரிந்தது, கதவில் அட்டை இல்லை, வாசற்கால் அவள் கைக்கு வந்தது, தெரு முழுக்க அவள் படியேறி நின்றது. ட்ரூடி எதிரே இருட்டில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, ராய்ஸைத் தவிர.

"ஆத்துரோட்டுல இதே மாதிரி இன்னொரு வீட்டைப் போய்ப் பாத்துட்டு வரணும்," என்றான் வெஸ்லி எழுந்து. "திரும்பி இந்த வழியாத்தான் வருவேன். அப்பவும் இது இங்க இருந்தா எழுதுவேன், மிஸ் ஆர்லீன். நிஜமாவே எழுதுவேன்."

ஜீப் போனதும் அவள் வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் விளக்கு அணைந்திருந்தது. மேசை ஓரத்தில் ராய்ஸ் கோட்டும் காலணியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு சின்னப் பை.

"என்னடா இது?"

"பிரஷ்ஷு. ரெண்டு சட்டை. அங்க எப்படியும் பிடுங்கி வச்சுக்குவாங்க. சும்மா எடுத்துவச்சேன்." பையின் வாரைச் சுருட்டினான். "நீ சிரிச்சது இங்கவரைக்கும் கேட்டுச்சுக்கா. பெட்டியை உடைச்சுட்டியோன்னு நினைச்சேன்."

 அவன் அவளைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். திட்டாமல் உட்கார்ந்திருக்கும் இந்தப் பொறுமையிலும் அவளுக்குப் பொறாமை வந்தது. இதிலும் அவன்தான் நல்ல பிள்ளையா?

"காலணியைக் கழட்டு. தரையெல்லாம் மண்ணு," என்றாள். "நீ எங்கயும் போகல."

திரும்ப வெளியே வந்தாள். மெழுகுவத்தியை அணைத்துவிட்டுப் பூசணியைக் கொல்லைக்குத் தள்ளியிருக்கலாம். கைவண்டியின் பிடியைப் பிடித்தும்விட்டாள். தெருவில் சலவை இயந்திரம் மட்டும் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்லீன் ஊதி அணைக்கவில்லை. கூடையைப் பூசணிமேல் வைத்தாள். வண்டியைத் தெருவுக்கு இறக்கி, எதிர்வீட்டை நோக்கித் தள்ளினாள். அவ்வளவு அகலமான தெருவை அவள் அதற்குமுன் கடந்ததில்லை.

ட்ரூடி படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கால் வலி சரியாப்போச்சா?"

"வெஸ்லியைக் கூப்பிட்டது நீதானே?"

"நான்தான்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"நீ கவர்மென்ட் பெட்டியை மேளம் அடிக்கிற, எனக்கு எதுக்கு வெக்கம்? எவனாச்சும் நேரா ஷெரிஃபுக்குப் போன் பண்ணியிருந்தா, இந்நேரம் உன் தம்பி ஜீப்புல ஏறியிருப்பான். நம்ம வெஸ்லின்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவான்னு கூப்பிட்டேன்."

"அதுக்கு மட்டும்தானா?"

ட்ரூடி எலும்புக்கூட்டின் கழுத்திலிருந்து தொங்கிய சிவப்புத் துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகவே இருந்ததை மறுபடி சரிசெய்தாள். "இல்ல," என்றாள். "வயிறு எரிஞ்சுது. போதுமா? இவ்வளவு பெரிய எலும்பை வாங்கி நிறுத்தி, புகை விட்டு, உன் பாகு, உன் உப்பு, எல்லாம் பண்ணி என்ன? நீ ஒரு தகரத்தைத் தட்டின, மொத்தமும் அந்தப்பக்கம் ஓடிருச்சு."

"நீ ஏன் என் சிரிப்பை எடுத்துக்கிட்ட?"

"நீதான் வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியே!" ட்ரூடியின் குரல் ஏறியது. "நீ நாலு வருஷம் எரிஞ்ச. நான் இருபது வருஷம் எரிஞ்சேன்டி. அந்த வெஸ்லிப் பய, சொந்த அண்ணன் மகன், எனக்குச் சொல்ற ஜோக்கை ஒத்திகைன்னு சொல்லிட்டு உன் வாசலுக்கு ஓடுவான். அங்கேருந்து நாலு தட்டு கேக்கும். நான் கிண்ணத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கறமாதிரி நடிப்பேன். தூக்கம் எங்க வந்துச்சு?"

ஆர்லீனுக்கு இது புதிது. ட்ரூடி தூங்கிவழிகிறாள் என்று அந்த இருபது வருடமும் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்! கோபப்பட நினைத்தாள். அதற்குப் பதிலாக, வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷம் உள்ளே மெல்ல ஊறியது. இருபது வருடம்! நாலைவிட எவ்வளவு அதிகம்!

"பூசணியை எங்க வைக்க?" என்று கேட்டாள்.

"எலும்புக்கு முன்னால வைக்காத, மறைக்கும்."

"எலும்புதான் இதை மறைக்குது."

கடைசியில் படியின் நடுவில் வைத்தார்கள். ட்ரூடி உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்தாள். தூசி தட்டாமலே போட்டாள். ஆர்லீன் உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் தன் வீட்டை இந்தப்பக்கத்திலிருந்து பார்த்தாள். பிள்ளைகள் பார்க்கும் இடத்திலிருந்து. கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே இருட்டாக இருந்தன. நடுவே அட்டை மட்டும் சின்னதாக, வெள்ளையாக. ஒட்டும்போது கோணலாக ஒட்டியிருக்கிறாள். டைனோசரின் அப்பா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டதை நினைத்தாள். அவர் செய்தது சரிதான். அவளுக்குப் பிள்ளை இருந்தால் அவளும் தூக்கியிருப்பாள்.

சலவை இயந்திரம் படியேறி வந்தது. "எனக்கு இன்னொரு உருண்டை வேணும்."

"இன்னொரு ஜோக் வேணும்," என்றார்கள் இரண்டுபேரும் ஒரே நேரத்தில்.

சிறுமி ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தாள். யாரிடம் சொல்வது? ஆர்லீன் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். ட்ரூடியும் வந்தாள். சிறுமி பொதுவாகப் பூசணியிடம் சொன்னாள்: "மந்திரக்காரி ஏன் துடைப்பத்துல பறக்கிறா? வேக்குவம் கிளீனர்ல பறந்தா ஒயர் எட்டாது."

ட்ரூடி முந்திக்கொண்டாள். தோளைக் குலுக்கி, எழுந்து, வாசற்காலை விரல்நுனியால் நாலு தட்டு தட்டினாள்.

"அய்யோ, அப்படி இல்லடி," என்றாள் ஆர்லீன் தாங்கமாட்டாமல். "விரலால தட்டினா கதவு தட்டற மாதிரி இருக்கு. உள்ளங்கையால தட்டணும். தள்ளு."

அவள் தட்டினாள். ஓசை மந்தமாக வந்தது. தன் வீட்டு வாசற்கால் ஓக் மரம், இது ஏதோ மட்டமான மரம் என்று தெரிந்தபோது அவளுக்கு நிறைவாக இருந்தது. பிறகுதான் ஜோக் விளங்கியது, நிஜச் சிரிப்பு வந்தது. தெருமுனையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு தொப்பிகள் நின்று திரும்பிப்பார்த்தன.

ஜீப் மெதுவாகத் திரும்பி வந்தது. இருண்ட வீட்டின்முன் நின்றது. வெஸ்லி கையை வெளியே நீட்டி, இன்னும் தூக்கிக்கொண்டு நின்ற சிவப்புக்கொடியை ஒரு விரலால் இறக்கிவிட்டான். இந்தப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

"அவன் இங்கதான் வருவான்னு நினைச்சேன்," என்றாள் ட்ரூடி.

"வந்தா ஜோக்கை எங்கிட்டத்தான் சொல்லியிருப்பான்," என்றாள் ஆர்லீன்.

எதிரே அவள் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை ஒரு விரலளவு விலகியது. அந்த இடுக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும். நின்று பார்க்க எது நல்ல இடம், எந்தப் பலகை கிறீச்சிடும் எல்லாம் தெரியும். இப்போது அங்கே ராய்ஸ் நின்றான். ஆர்லீன் கையசைக்கவில்லை. அவன் காலணியைக் கழற்றியிருப்பானா என்று மட்டும் யோசித்தாள். பிறகு தொப்பிகள் இரண்டும் படியேறி வந்தன. அவள் ட்ரூடியை முந்திக்கொண்டு கூடையை நீட்டினாள்.